ஒரு மரமா, பத்தாயிரம் மரமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். பாட்டு கேட்கலாம், படம் பார்க்கலாம், கடிதம் டைப் செய்யலாம். இதற்கு மேல் இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? சென்ற ஆண்டு என் சித்தி மகள் ஒரு பென் டிரைவோடு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதில் மாறிவிட்டது.

அவள் எம்.எஸ்சி. பயோ டெக்னாலஜி படிக்கிறாள். 24 வகை ஆற்று மீன்களின் டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்டு, எந்த மீனுக்கு எந்த மீன் நெருங்கிய சொந்தம் என்று கண்டுபிடிப்பதுதான் அவளது ப்ராஜெக்ட். கல்லூரி லேபில் இரவு முழுக்க ஒரு புரோகிராமை ஓடவிட்டிருக்கிறாள். காலையில் அது ஒரு பைலைக் கொடுத்தது. அதற்குள் 10,001 மரங்கள்! என் கம்ப்யூட்டரில் அந்தப் பைலை டபுள் கிளிக் செய்தாள். கடிதம் டைப் செய்யும் புரோகிராம் திறந்துகொண்டு, திரை முழுக்க அடைப்புக்குறிகளைக் கொட்டிவிட்டு, அப்படியே ஹேங் ஆகி நின்றது.

"அண்ணா, எனக்கு ஒரே ஒரு மரம் போதும். அடுத்த வாரம் ரிப்போர்ட் கொடுக்கணும். இதுல எது சரியான மரம்னு மட்டும் சொல்லு" என்றாள்.

நானும் எது சரியான மரம் என்றுதான் தேட ஆரம்பித்தேன். அப்படித் தேடக்கூடாது என்று புரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு உயிரியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நோட்பேட் திறக்கத் தெரிந்தால் போதும்.

அடைப்புக்குறிக்குள் ஒரு மரம்

பரிணாம மரம் என்பது உயிரினங்களின் வம்சாவளிப் படம். கிளை நுனிகளில் இன்றுள்ள உயிரினங்கள் இருக்கும். இரண்டு கிளைகள் சேரும் இடம், அவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதை. படம் என்று சொன்னாலும் கம்ப்யூட்டரில் இதை வெறும் எழுத்தாகவே சேமிக்கிறார்கள்:

((மனிதன்,சிம்பன்சி),கொரில்லா);

உள் அடைப்புக்குறியில் இருக்கும் இருவரும் மிக நெருங்கிய சொந்தம். கொரில்லா அவர்களுக்கு அடுத்த சொந்தம். கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைத்தால் மரம் முடிந்தது. அவ்வளவுதான் விஷயம். பெயர்களுக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு எண் கொடுத்தால் அது கிளையின் நீளம். இந்த எழுத்து முறைக்கு நியூவிக் பார்மட் என்று பெயர். 1986-ல் இதை முடிவு செய்த விஞ்ஞானிகள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நியூவிக்ஸ் என்ற உணவகத்தில் சிங்கி இறால் சாப்பிட்டபடி கடைசிக் கூட்டத்தை முடித்தார்கள். உணவகத்தின் பெயரே பார்மட்டுக்கும் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. ((மனிதன்,சிம்பன்சி),கொரில்லா) என்பதும் (கொரில்லா,(சிம்பன்சி,மனிதன்)) என்பதும் ஒரே மரம்தான். குழந்தையின் தொட்டிலுக்கு மேலே தொங்கும் கிலுகிலுப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து அது எந்தப் பக்கம் திரும்பினாலும் எந்தப் பொம்மை எந்தக் குச்சியில் தொங்குகிறது என்பது மாறாது. திரையில் வேறுமாதிரி தெரியும் இரண்டு படங்கள் உண்மையில் ஒன்றாகவே இருக்கலாம். கண்ணை நம்பி மரங்களை ஒப்பிட முடியாது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் எண்ணிக்கை. மூன்று உயிரினங்களை மூன்று விதமாக மரமாக்கலாம். நான்கு என்றால் 15 விதம். ஐந்து என்றால் 105. பத்து என்றால்? 3,44,59,425. அதாவது மூன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. இருபது உயிரினங்களுக்கு வரும் எண்ணில் 22 இலக்கங்கள். என் தங்கையிடம் இருந்ததோ 24 மீன்கள். எல்லா மரங்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பது எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாத காரியம்.

அதனால் புரோகிராம் வேறு வழியில் போகிறது. ஏதோ ஒரு மரத்தில் தொடங்கி, ஒரு கிளையைப் பிடுங்கி வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கிறது. டி.என்.ஏ.வோடு இன்னும் நன்றாகப் பொருந்தினால் அந்த மாற்றத்தை வைத்துக்கொள்கிறது. மோசமாகப் பொருந்தினால் பெரும்பாலும் தள்ளிவிடுகிறது. ஆனால் எப்போதாவது மோசமானதையும் ஏற்றுக்கொள்கிறது. ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் இந்தத் தாராளம். இப்படி ஒரு கோடி தடவை செய்து, ஆயிரத்துக்கு ஒன்றைப் பைலில் எழுதினால் 10,000 மரங்கள். ஆரம்ப மரத்தையும் சேர்த்தால் 10,001. தொடக்கத்தில் தடுமாறிய கொஞ்ச மரங்களைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். டி.என்.ஏ. எந்த மரத்தை அதிகம் ஆதரிக்கிறதோ அது அந்த மீதியில் அதிக தடவை வரும்.

ஆகவே அந்தப் பைலில் இருப்பவை, ஒன்று சரி மற்றவை தவறு என்று பிரிக்க வேண்டிய மரங்கள் அல்ல. ஒரு தேர்தலின் ஓட்டுப் பெட்டி மாதிரி அது. பெட்டியிலிருந்து ஒரு சீட்டை உருவிக்கொண்டு தேர்தல் முடிவு இதுதான் என்று சொன்னால் எப்படி?

நோட்பேடில் ஒரு சோதனை

நீங்களே செய்து பார்க்கலாம். ஸ்டார்ட் மெனுவில் நோட்பேட் என்று தேடித் திறந்திடுங்கள். மேலே காட்டிய வரியை முதல் வரியாக டைப் செய்யுங்கள். பெயர்களை ஆங்கில எழுத்துகளில் கொடுத்தால் ஃபான்ட் தகராறு வராது. அந்த வரியை செலக்ட் செய்து, கன்ட்ரோல் கீயுடன் சி, பிறகு கன்ட்ரோல் கீயுடன் வி அழுத்தி மொத்தம் 14 வரிகள் ஆக்குங்கள். அடுத்து ((மனிதன்,கொரில்லா),சிம்பன்சி); என்பதை 3 வரிகள். ((சிம்பன்சி,கொரில்லா),மனிதன்); என்பதை 3 வரிகள். ஆக 20 மரங்கள். சேவ் செய்யும்போது பைல் வகையில் ஆல் பைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, சோதனை டாட் ட்ரீ என்று ஏதாவது பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் நோட்பேட் தன் பாட்டுக்கு டிஎக்ஸ்டி என்ற வாலை ஒட்டிவிடும்.

இப்போது ஃபிக்ட்ரீ என்ற இலவச சாப்ட்வேர் தேவை. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ரம்பாட் எழுதியது. கிட்ஹப் தளத்திலிருந்து டவுன்லோட் செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டரில் ஜாவா இருக்க வேண்டும். அதில் பைல் மெனு சென்று உங்கள் பைலைத் திறந்திடுங்கள். அடைப்புக்குறிகள் மரமாக எழுந்து நிற்கும்! மேலே உள்ள அம்புக்குறியைக் கிளிக் செய்தால் அடுத்த மரம், அதற்கடுத்த மரம் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

14, 3, 3 என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. கொரில்லாவின் முழு டி.என்.ஏ. வரிசை 2012-ல் வெளியானபோது விஞ்ஞானிகள் ஒன்றைக் கவனித்தார்கள். மனிதனுக்கு மிக நெருங்கிய சொந்தம் சிம்பன்சிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்த்தால், சுமார் 30 சதவீதத் துண்டுகளில் கொரில்லா உள்ளே நுழைந்து மனிதனோடோ சிம்பன்சியோடோ அதிகம் ஒட்டிக்கொள்கிறது. மூன்று இனமும் குறுகிய கால இடைவெளியில் பிரிந்ததால், பழைய மூதாதையிடம் கலந்து கிடந்த மரபணு வகைகள் ஆளுக்கு ஒரு விதமாகப் பங்கு பிரிந்துவிட்டன. தாத்தாவின் மூக்கு ஒரு பேரனுக்கும் காது இன்னொரு பேரனுக்கும் போவதுபோல.

உங்கள் 20 வரிகளைச் சுருக்கி ஒரே மரமாகக் கொடு என்று கேட்டால், கம்ப்யூட்டர் 'பெரும்பான்மை மரம்' ஒன்றைத் தரும். பாதிக்கு மேற்பட்ட மரங்களில் உள்ள கூட்டணிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும் முறை அது. மனிதன், சிம்பன்சி கூட்டணி 70 சதவீதம் பெற்று ஜெயிக்கும். மீதி 30 சதவீதம் படத்திலிருந்து காணாமல் போகும். பக்கத்தில் 70 என்ற எண் மட்டும் இருக்கும். தோற்ற ஓட்டுகள் யாருக்கு விழுந்தன? ஒருவருக்கே விழுந்தனவா, சிதறினவா? படத்தில் தெரியாது. என்னைக் கேட்டால் விஷயமே அங்கேதான் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே திரையில்

இதற்கு ஓர் அழகான தீர்வு உண்டு. எல்லா மரங்களையும் கண்ணாடித் தாளில் மெல்லிய கோடுகளாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படி இருக்கும்? எங்கே ஆயிரம் மரங்களும் ஒத்துப்போகின்றனவோ அங்கே கோடு அடர்த்தியாகத் தெரியும். எங்கே சண்டை போடுகின்றனவோ அங்கே சிலந்தி வலை மாதிரி கலங்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ரெம்கோ போகார்ட் 2010-ல் வெளியிட்ட டென்சிட்ரீ செய்வது இதைத்தான். பீஸ்ட் 2 என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால் கூடவே வந்துவிடுகிறது. அதிகம் வந்த மர வடிவத்தை நீலத்திலும், அடுத்ததை சிவப்பிலும், மூன்றாவதைப் பச்சையிலும் காட்டும்.

உயிரினங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இதே போகார்ட் பங்கேற்ற ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. தமிழ் உள்ளிட்ட 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைக் கொண்டு ஆயிரக்கணக்கில் மொழி மரங்களை உருவாக்கி, இந்தக் குடும்பத்தின் வயது ஏறக்குறைய 4,500 ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். 'ஏறக்குறைய' என்ற சொல் அந்த மரக் கூட்டத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு மரமும் கொஞ்சம் வேறு வயதைச் சொல்லும் அல்லவா?

தங்கையின் மீன்களுக்கு வருவோம். அவள் முதலில் எடுத்த பெரும்பான்மை மரம் சீப்பு மாதிரி இருந்தது. பாதி மீன்கள் ஒரே புள்ளியிலிருந்து பிரிந்தன. எந்தக் கூட்டணிக்கும் 50 சதவீதம் தேறவில்லை. "டேட்டாவே குப்பை, ப்ராஜெக்ட் போச்சு" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள்.

குப்பைதானா என்று பார்க்க முதலில் மரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தேன். ராபின்சன், ஃபோல்ட்ஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1981-ல் சொன்ன வழி ரொம்ப எளிது. ஒவ்வொரு மரத்தையும் கூட்டணிகளின் பட்டியலாக எழுதுங்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத கூட்டணிகளை எண்ணுங்கள். அந்த எண்தான் தூரம். நான்கு குரங்கினங்கள் உள்ள ஒரு மரத்தில் மனிதனும் சிம்பன்சியும் ஒரு கூட்டணி, அவர்களோடு கொரில்லா சேர்ந்து இன்னொரு கூட்டணி, உராங்குட்டான் வெளியே என்று வைப்போம். இன்னொரு மரத்தில் மனிதனும் கொரில்லாவும் ஒரு கூட்டணி, சிம்பன்சி சேர்ந்தால் இரண்டாவது, உராங்குட்டான் வெளியே. மூவர் கூட்டணி இரண்டிலும் பொது. இருவர் கூட்டணி மட்டும் பக்கத்துக்கு ஒன்று வேறுபடுகிறது. ஆக தூரம் 2. கிலுகிலுப்பை எப்படித் திரும்பினாலும் இந்தக் கணக்கு ஏமாறாது.

10,001 மரங்களை ஒன்றோடொன்று இப்படி அளந்தால் ஐந்து கோடிக்கு மேல் எண்கள் வரும். அவற்றை யார் படிப்பது? பழைய டைரிகளின் கடைசிப் பக்கத்தில் ஊர்களுக்கு இடையே உள்ள தூரப் பட்டியல் பார்த்திருப்பீர்கள். சென்னையிலிருந்து மதுரை இத்தனை கிலோமீட்டர், மதுரையிலிருந்து கோவை இத்தனை என்று. அந்தத் தூரங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஊர்களை ஒரு தாளில் அங்குமிங்கும் நகர்த்தினால், கிட்டத்தட்ட தமிழ்நாட்டு மேப் வந்துவிடும். மரங்களுக்கும் இதையே செய்யலாம். ஒவ்வொரு மரமும் ஒரு புள்ளி. ஒத்த மரங்கள் அருகருகே, மாறுபட்டவை தள்ளி. நீனா அமென்டாவும் ஜெஃப் கிளிங்னரும் 2002-ல் மரக் கூட்டத்தை இப்படித் திரையில் காட்டும் புரோகிராமைப் பற்றி எழுதினார்கள். டேவிட் ஹில்லிஸ் குழுவினர் 2005-ல் அதைப் பரிணாம ஆய்வில் எப்படிப் பயன்படுத்தலாம் என்று விளக்கினார்கள். இரண்டு பரிமாணத்தில் அமுக்கி வரைவதால் எல்லாத் தூரமும் அப்படியே வராது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் பைலிலிருந்து பத்துக்கு ஒன்று என்று ஆயிரம் மரங்களை மட்டும் எடுத்து மேப் போட்டேன். அப்போதும் ஏறக்குறைய ஐந்து லட்சம் தூரங்கள். குப்பையாக இருந்தால் புள்ளிகள் திரை முழுக்க இறைந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது இரண்டு தீவுகள். நடுவே வெட்டவெளி. அவள் எடுத்த பெரும்பான்மை மரம் அந்த வெட்டவெளியில் விழுந்தது. அதாவது பைலில் இருந்த எந்த மரத்தைப் போலவும் அது இல்லை!

பிறகு டென்சிட்ரீயில் போட்டோம். 23 மீன்களின் கோடுகள் ஓரளவு தெளிவாகவே இருந்தன. ஒரே ஒரு மீனின் கோடு மட்டும் பாதி மரங்களில் மேலே, பாதி மரங்களில் கீழே என்று தாவியது. அந்த மீன் எந்தக் கூட்டணிக்குள் நுழைந்தாலும் அந்தக் கூட்டணியின் பட்டியல் மாறிவிடும். அதனால்தான் வழியில் இருந்த எல்லாக் கூட்டணிகளும் 50 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கின்றன. ராபின்சன், ஃபோல்ட்ஸ் தூரத்தின் பலவீனமும் இதுதான். ஒரே ஒரு நுனி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவினால்கூட மரமே தலைகீழானதுபோல் பெரிய எண்ணைக் காட்டும். இரண்டு கருத்து இருக்கிறது என்று மேப் சொன்னது. யாரால் என்று சொன்னது அடுக்குப் படம்தான். ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் நாங்கள் ஏமாந்திருப்போம்.

அந்த மீனின் டி.என்.ஏ. வரிசையை எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் கேள்விக்குறிகள். லேபில் சரியாகப் படிக்க முடியாத சாம்பிள். அதை விட்டுவிட்டு இன்னோர் இரவு புரோகிராமை ஓட்டினாள். சீப்பு போய் மரம் வந்தது. இரண்டு முடிவுகளையும் ரிப்போர்ட்டில் போட்டாள்.

உயிர்களின் விலை

தங்கையின் மார்க் போனால் அடுத்த பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம். லிபியாவில் ஆறு பேரின் கழுத்துக்குக் கயிறு காத்திருந்தது.

1998-ல் பெங்காசி நகரின் அல்-ஃபத்தே மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது தெரிய வந்தது. பலருக்கு ஹெபடைடிஸ் சி வைரஸும் இருந்தது. அந்த ஆண்டு மார்ச் மாதம் வேலைக்கு வந்த பல்கேரிய நர்ஸ்கள் ஐந்து பேரும் பாலஸ்தீன டாக்டர் ஒருவரும் வேண்டுமென்றே எச்.ஐ.வி.யைப் பரப்பினார்கள் என்று வழக்கு. 1999-ல் கைதானார்கள். 2004 மே மாதம் மரண தண்டனை. மேல்முறையீட்டில் மறுவிசாரணை தொடங்கியது.

துலியோ டி ஒலிவேரா, ஆலிவர் பைபஸ், நம் ஃபிக்ட்ரீ ரம்பாட் உள்ளிட்ட விஞ்ஞானிகள் குழந்தைகளின் ரத்தத்திலிருந்த வைரஸ் வரிசைகளை எடுத்துக்கொண்டார்கள். வைரஸின் மரபணு வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே போகும். அதனால் மரத்தின் கிளை நீளத்தைக் காலமாக மாற்றலாம். மருத்துவமனை வைரஸ்கள் எல்லாம் சேரும் மூதாதைப் புள்ளி 1998 மார்ச்சுக்கு முன்னா, பின்னா? கேள்வி இவ்வளவுதான்.

ஒரு மரத்தை வரைந்து 'முன்' என்று சொல்லியிருந்தால், எதிர்த் தரப்பு வக்கீல் வேறொரு மரத்தைக் காட்டியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. பலவகைக் கணக்கு முறைகளில், ஒவ்வொன்றிலும் மரக் கூட்டத்தையே உருவாக்கி, மூதாதைப் புள்ளி 1998 மார்ச்சுக்குப் பின் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்த்தார்கள். பெரும்பாலான கணக்குகளில் அது ஏறக்குறைய பூஜ்ஜியம். அந்த ஆறு பேர் வருவதற்கு முன்பே வைரஸ் அந்த மருத்துவமனையில் சுற்றிக்கொண்டிருந்தது. 2006 டிசம்பர் 6 அன்று நேச்சர் இதழ் இதை வெளியிட்டது.

13 நாள் கழித்து, டிசம்பர் 19 அன்று, நீதிமன்றம் மறுபடியும் மரண தண்டனை விதித்தது. 2007 ஜூலையில் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, அதே மாதம் 24-ஆம் தேதி ஆறு பேரும் பல்கேரியாவுக்கு அனுப்பப்பட்டு விடுதலை ஆனார்கள். அரசாங்கங்களுக்கு இடையே நடந்த பேச்சுவார்த்தையே கதவைத் திறந்தது. டி ஒலிவேராவின் பெயரை நீங்கள் பிறகு கேள்விப்பட்டிருக்கலாம். 2021 நவம்பரில் கொரோனாவின் ஓமிக்ரான் வகையை உலகுக்கு அறிவித்த தென்னாப்பிரிக்கக் குழுவின் தலைவர் அவர்தான்.

எதையும் இன்ஸ்டால் செய்யாமல்

ஜாவா, டவுன்லோட் என்றெல்லாம் தொல்லை வேண்டாம் என்பவர்கள் பிரவுசரில் நெக்ஸ்ட்ஸ்ட்ரெயின் டாட் ஆர்க் தளத்துக்குச் சென்றிடுங்கள். ட்ரெவர் பெட்ஃபோர்ட், ரிச்சர்ட் நேஹர் ஆகியோர் தொடங்கிய இந்த இலவசத் தளத்தில் பல வைரஸ்களின் மரங்கள் இருக்கின்றன. அதில் சாதாரண ஃப்ளூ காய்ச்சலின் மரத்தைத் திறந்திடுங்கள். பக்கம் முழுதாக வரக் கொஞ்சம் பொறுமை தேவை. இடப்புறப் பட்டியலில் செகண்ட் ட்ரீ என்று ஒரு கட்டம் இருக்கும். எச்.ஏ. மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் என்.ஏ. என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மரங்கள் எதிரெதிரே நிற்க, ஒரே வைரஸை இருபுறமும் இணைக்கும் கோடுகள் நடுவில் ஓடும்.

ஏன் இரண்டு மரம்? ஏ வகை ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்துவிட்டால் துண்டுகள் கைமாறிவிடும். அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வம்சாவளி. கோடுகள் நேராக ஓடும் இடத்தில் இரண்டு துண்டுகளும் சேர்ந்தே வந்திருக்கின்றன. ஒரு கொத்துக் கோடுகள் மொத்தமாகக் குறுக்கே பாய்ந்தால் அங்கே துண்டு மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். சில குறுக்குகள் கிலுகிலுப்பை திரும்பிக் கிடப்பதால் மட்டும் வருபவை. ஒரு கிளையை மனதுக்குள் மேல் கீழாகத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் நேராகாத குறுக்கு எது என்று தேடிப் பிடித்திடுங்கள்.